ஷட்டர் இறங்கிய பிறகு: வங்கி வேலையும் வீடும்

வாசகர் கேள்வி, 9 மார்ச் 2025, காலை

இம்மாதம் 24, 25 தேதிகளில் வங்கி ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். கோரிக்கைகளில் ஒன்று வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. நான் சிறு வணிகன். எனக்குத் தெரிந்த வங்கி காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்குக் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது சனியும் நான்காவது சனியும் ஏற்கெனவே விடுமுறை. போன ஆண்டுதான் புதிய சம்பள ஒப்பந்தமும் கையெழுத்தானது. இதற்கு மேலும் ஓய்வு எதற்கு? உள்ளே இருப்பவர்கள் யாராவது விளக்குவீர்களா?

9 மார்ச் 2025, இரவு

நான் உள்ளே இருப்பவள். தொண்ணூறுகளில் எழுத்தராகச் சேர்ந்தேன். இப்போது டெல்டா மாவட்டம் ஒன்றில் பொதுத்துறை வங்கியின் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன். வங்கியின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை.

4 மணிக்குச் சாத்துவது வாடிக்கையாளருக்கான கதவு மட்டும்தான். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் மற்றதைப் பேச முடியும். கேஷியர் அன்று வந்த நோட்டுகளை மதிப்பு வாரியாக அடுக்கி, அழுக்கு நோட்டுகளையும் கிழிந்த நோட்டுகளையும் தனியே பிரித்து, கட்டுப் போட்டு, கணினி காட்டும் இருப்போடு ஒத்துப்பார்க்கிறார். ஒத்துவந்தால் நல்லது. ஒரே ஒரு 500 ரூபாய் குறைந்தால்கூடத் தேடல் தொடங்கிவிடும். அன்றைய செலான்கள் ஒவ்வொன்றையும் மறுபடி புரட்டுவோம், எண்ணும் இயந்திரத்தின் அடியில் பார்ப்போம், மேசை இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்துப் பின்னால் நோட்டு சொருகிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்போம், கடைசியில் குப்பைக் கூடையையும் கவிழ்த்துப் பார்ப்போம். கிடைக்கவில்லையென்றால் கேஷியர் தன் கைக்காசைப் போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

இன்னொரு பக்கம் நகைக்கடன். டெல்டாவில் நாற்று நடவும் பள்ளிக் கட்டணமும் வந்துவிட்டால் நகைதான் முதலில் பெட்டியை விட்டு இறங்கும். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை போட்ட ஒவ்வொரு நகையும் கடன் எண், மொத்த எடை, நிகர எடை எழுதிய சீட்டோடு பையில் போகிறது. மாலையில் அந்தப் பைகளைப் பதிவேட்டோடு எண்ணி ஒப்பிட்டுப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பெட்டகத்தின் சாவிகள் இருவரிடம் பிரிந்திருக்கும். ஒருவர் தனியாகத் திறக்கவும் முடியாது, பூட்டவும் முடியாது. கேஷ் முடிந்து, நகை முடிந்து, இரண்டு சாவியும் திரும்பிய பிறகுதான் எங்களில் யாருக்கும் வீட்டு நினைப்பு வரும்.

அப்போதுதான் வட்டார அலுவலகத்திலிருந்து ஆய்வுக் கூட்டம் காணொளியில் தொடங்கும்.

10 மார்ச் 2025

சனிக்கிழமைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அதில் குழப்பம் இருக்கிறது. 2015 செப்டம்பர் 1 வரை வங்கிகளுக்கு எல்லாச் சனிக்கிழமையும் அரை நாள் வேலை. அன்றிலிருந்து இரண்டாவது, நான்காவது சனி விடுமுறையாயின. முதலாவது, மூன்றாவது, வந்தால் ஐந்தாவது சனி முழு நாளாயின. அதாவது அரை நாட்களைச் சேர்த்துத்தான் முழு விடுமுறை கொடுத்தார்கள். சும்மா கிடைத்தது இல்லை.

இப்போது கேட்பதும் சும்மா இல்லை. மீதிச் சனிக்கிழமைகளை விட்டால், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வேலை செய்யச் சங்கங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. வாரத்துக்கு 200 நிமிடம், நான்கு வாரத்துக்கு 13 மணி 20 நிமிடம். இரண்டு சனிக்கிழமைகளின் வேலை நேரம் ஏறத்தாழ அதுதான். வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இதில் உடன்பட்டு அரசின் ஒப்புதலுக்கு அனுப்பி ஓராண்டாகிறது. இன்னும் ஒப்புதல் வரவில்லை. எல்.ஐ.சி.க்கு 2021 மே மாதத்திலேயே ஐந்து நாள் வாரம் வந்துவிட்டது.

12 மார்ச் 2025

இங்கே ஒருவர், தனியார் நிறுவனங்களில் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறார்கள், அவர்கள் புலம்பவில்லை என்று எழுதியிருக்கிறார். புலம்புகிறார்கள், அவர்களுக்காகப் பேசச் சங்கம் இல்லாததால் வெளியே கேட்கவில்லை. என் அக்கா மகன் சென்னை சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அமெரிக்காவில் நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும்போது அவனுடைய மாலைக் கூட்டம் ஆறரையிலிருந்து ஏழரைக்குத் தள்ளிப்போகிறது; அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் வீட்டில் இரவுச் சாப்பாடு அந்தக் கடிகாரப்படிதான் நடக்கிறது. ஜனவரியில் ஒரு பெருநிறுவனத்தின் தலைவர், வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வரவைக்க முடியவில்லையே என்று வருந்துகிறேன் என்ற பொருளில் பேசியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒருவரின் துன்பத்தை அளவுகோலாக வைத்து மற்றவருக்கு இது போதும் என்று அளந்துகொண்டே போனால், அந்த அளவு ஒவ்வொரு ஆண்டும் கீழேதான் இறங்கும். நான் கேட்பதை அவனுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

16 மார்ச் 2025

நேற்று மூன்றாவது சனி, வேலை நாள்; கூடவே 15ஆம் தேதி. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து, 15ஆம் தேதி என்றால் கிராமத்துக் கிளைகளில் என்ன பொருள் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். ஒன்பதரைக்கே வாசல்படியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏ.டி.எம். அட்டை பலரிடம் இருக்கிறது, ஆனால் ரகசிய எண்ணைப் பேரன் மட்டும்தான் அறிவான், அவன் திருப்பூரில் இருக்கிறான். ஆகவே ஆயிரம் ரூபாய்க்குப் படிவம் எழுதி, கைநாட்டு வைத்து, வரிசையில் நிற்கிறார்கள்.

முன் குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது நான் இந்த வேலையை வெறுப்பவள் போலத் தோன்றுகிறது. அப்படி இல்லை. நேற்று ஒரு பாட்டி பணத்தை வாங்கி, இரண்டு முறை எண்ணி, சுருக்குப் பையில் வைத்து, பையை இடுப்பில் சொருகி, பிறகு நின்ற இடத்திலேயே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்து, "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டார். அப்போது மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டிருக்கவில்லை. பண மதிப்பிழப்புக் காலத்தில், 2016 நவம்பர் 10 முதல் டிசம்பர் 30 வரை, பழைய 500, 1000 நோட்டுகளோடு வந்த கூட்டத்தை இதே கையளவு ஊழியர்கள்தான் சமாளித்தோம். முதல் வாரச் சனியும் ஞாயிறும்கூடத் திறந்து வைத்திருந்தோம். எண்ணும் அவசரத்தில் வந்த கள்ள நோட்டுக்கும் குறைந்த நோட்டுக்கும் கேஷியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டினார்கள். அப்போதும் மனம் கசக்கவில்லை. எதிரே நிற்பவருக்குத் தேவை இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கசப்பது வேறு இடத்தில். நேற்று மாலை ஆய்வுக் கூட்டத்தில், அத்தனை பெண்களுக்குப் பணம் கொடுத்தீர்களே என்று யாரும் கேட்கவில்லை. அவர்களில் எத்தனை பேரிடம் காப்பீட்டுப் பாலிசி விற்றீர்கள் என்று கேட்டார்கள்.

16 மார்ச் 2025, இரவு

காப்பீடு பற்றி ஒருவர் தனியாகக் கேட்டதால் சுருக்கமாக. வங்கிகள் காப்பீட்டு நிறுவனங்களின் பாலிசிகளையும் பரஸ்பர நிதிகளையும் தரகுக்கு விற்கின்றன. அதற்குக் கிளைவாரியாக இலக்கு உண்டு. குறிப்பிட்ட நாளை "லாகின் டே" என்று அறிவித்து, மதியம் வரை எவ்வளவு, மாலை வரை எவ்வளவு என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவார்கள். பட்டியலின் அடியில் இருக்கும் கிளைகளின் பெயர்கள் சிவப்பு நிறத்தில் வரும். அதை ஒரு வங்கி மட்டும் செய்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேறு வேறு வங்கிகளில் இருக்கும் என் தோழிகள் ஒரே மாதிரி படங்களை அனுப்பியிருக்கிறார்கள். கடன் கேட்டு வந்தவரின் தலையில் பாலிசியையும் சேர்த்துக் கட்டுவது தவறு என்று எங்களுக்குத் தெரியும். சிவப்புப் பட்டியலும் எங்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குத்தான் இரவில் தூக்கம் வருவதில்லை.

22 மார்ச் 2025

வேலைநிறுத்தம் தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பிறகு நேற்று அறிவித்தார்கள். ஏமாற்றமா என்று கேட்டார்கள். நிதியாண்டின் கடைசி வாரத்தில் நான்கு நாள் தொடர்ந்து மூடியிருந்தால், திறக்கும் நாளில் அத்தனை வேலையையும் செய்ய வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பதால் ஒரு பகுதி மனம் ஆறுதல் அடைந்தது உண்மை.

ஆனால் கோரிக்கைப் பட்டியலில் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டது ஐந்து நாள் வாரத்தை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, எல்லா நிலைகளிலும் போதிய ஆளெடுப்பு நடக்க வேண்டும் என்ற கோரிக்கை. நான் சேர்ந்தபோது இதே அளவுள்ள கிளையில் எழுத்தர்கள் இரு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எங்கள் கிளையில் கவுன்டருக்கு ஒருவர், அவர் விடுப்பில் போனால் அதிகாரி கவுன்டரில் உட்கார வேண்டும், அப்படியானால் கடன் விண்ணப்பம் மாலைக்குப் போகும், மாலை வேலை இரவுக்குப் போகும். கணினி வந்ததால் பேரேடு எழுதும் வேலை போனது, அதை மறுக்கவில்லை. அந்த இடத்தில் ஆதார் இணைப்பு, கே.ஒய்.சி. எனும் வாடிக்கையாளர் அடையாள விவரப் புதுப்பிப்பு, பென்ஷன்காரர்களின் வாழ்வுச் சான்று, மகளிர் குழுக் கடன், அரசுத் திட்டக் கணக்குகள் என்று வந்து நிறைந்த வேலைக்குத்தான் ஆள் வரவில்லை.

எழுத்தருக்கு வேலை நேரம் என்று ஒன்று எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, மிஞ்சினால் ஓவர்டைம் உண்டு. அதிகாரிக்கு அது இல்லை. எழுத்தர் பணியிடங்கள் குறைந்து அதிகாரி பணியிடங்கள் கூடியபோது, கணக்கில் வராத மணி நேரமும் சேர்ந்தே கூடியது. இதை ஐந்து நாள் வாரம் தீர்க்காது.

23 மார்ச் 2025

நேற்று எழுதியதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு விடுப்பு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. தற்செயல் விடுப்பு இருக்கிறது, ஈட்டிய விடுப்பு இருக்கிறது, மருத்துவ விடுப்பு இருக்கிறது. காகிதத்தில் குறையே இல்லை. விட்டுவிட்டுப் போவதற்கு ஆள்தான் இல்லை.

சாவி வைத்திருப்பவர் விடுப்பு எடுக்க வேண்டுமென்றால் சாவியை இன்னொரு தகுதியுள்ள அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது பெட்டகத்தில் உள்ள ரொக்கத்தையும் நகைப் பைகளையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று அதிகாரிகள் உள்ள கிளையில் ஒருவர் பயிற்சிக்குப் போயிருக்க, இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், மூன்றாமவர் வீட்டில் என்ன நடந்தாலும் காலையில் வந்து திறந்தாக வேண்டும். என் மாமியார் இறந்த நாளில் நான் காலையில் கிளைக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து, பக்கத்துக் கிளையிலிருந்து மாற்று அதிகாரி வரும் வரை காத்திருந்து, நகைப் பைகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணி முடித்த பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன். வந்த அதிகாரி நல்லவர். முடிந்தவரை வேகமாக எண்ணினார். யாரையும் குறை சொல்லவில்லை. பொதுமக்களின் நகை, எண்ணாமல் கைமாற்றக் கூடாது. ஆனால் அப்படிப்பட்ட நாளுக்கென்று ஒரு ஆளைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டியது யாருடைய பொறுப்பு?

2 ஏப்ரல் 2025

ஆண்டுக் கணக்கு முடிந்தது. 29ஆம் தேதி ஐந்தாவது சனி என்பதால் வேலை நாள். 31ஆம் தேதி திங்கள் ரமலான் பெருநாள். ஆனால் நிதியாண்டின் கடைசி நாளில் அரசு வரவு செலவுகள் அனைத்தும் அதே ஆண்டுக் கணக்கில் சேர வேண்டும் என்பதால், அரசுப் பணம் கையாளும் கிளைகள் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நேற்று, ஏப்ரல் 1, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விடுமுறை.

எங்கள் கிளையில் கடன் பிரிவைப் பார்க்கும் தம்பி முஸ்லிம். ஒரு மாதம் நோன்பு வைத்துக்கொண்டே மார்ச் மாத வசூல் வேலை முழுவதும் பார்த்தவர். பெருநாள் தொழுகையை முடித்துவிட்டு, புதுச் சட்டையோடு கிளைக்கு வந்தார். நாங்கள் முன்பே பேசிவைத்து அவருடைய சாவியைச் சனிக்கிழமை மாலையே முறைப்படி நான் வாங்கிக்கொண்டிருந்ததால், கணினியில் அவர் மட்டுமே செய்யக்கூடிய ஒப்புதல்களை முடித்துவிட்டு நண்பகலுக்குள் போய்விட்டார். மாலையில் அவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் பிரியாணி வந்தது. பணியிடப் பண்பாடு என்று பெரிய பெரிய அரங்குகளில் பேசுகிறார்கள். நான் கண்டவரையில் அது மேலிருந்து வருவதில்லை. சாவியை யார் வாங்கிக்கொள்வது என்று நான்கு பேர் தங்களுக்குள் பேசிவைப்பதில் இருக்கிறது. ஆனால் எங்கள் நல்ல மனத்தை நம்பியே ஒரு நிர்வாகம் ஆள் கணக்குப் போடுவது நியாயம் இல்லை. நான்கு பேரில் ஒருவர் மனம் கோணினால் எல்லாம் நின்றுபோகும்.

13 ஏப்ரல் 2025

பல நாளாக மனத்தில் இருப்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

பொறுப்புமிக்க பதவிகளில் இருக்கும் வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, தொடர்ச்சியாக 10 வேலை நாட்களுக்குக் குறையாமல், முன்னறிவிப்பின்றிக் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அந்த விடுப்பில் இருப்பவருக்கு, எல்லோருக்கும் பொதுவான அலுவலக மின்னஞ்சலைத் தவிர, வேலை தொடர்பான எந்தக் கணினி வசதியையும் நேரிலோ இணையம் வழியாகவோ பயன்படுத்தும் அனுமதி இருக்கக் கூடாது. நோக்கம் மோசடியைக் கண்டுபிடிப்பது. ஒரே ஆள் ஒரே மேசையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் மறைத்தது வெளியே வராது. இன்னொருவர் உட்கார்ந்தால் வரும்.

பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் நாடாளுமன்றத்தில் அதற்கான தனிநபர் மசோதாவை 2018லேயே மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆனால் நம்முடைய வங்கி விதிப்புத்தகத்துக்குள்ளேயே, பத்து நாள் ஒருவரை வேலையிலிருந்து முழுமையாக விலக்கி வைக்கலாம், அவர் இல்லாமலும் கிளை நடக்கும், நடந்தாக வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சந்தேகத்தின் பேரில் செய்ய முடிந்ததை அக்கறையின் பேரில் ஏன் செய்ய முடியாது? பெட்டகத்தைப் பாதுகாக்க மாற்று ஆள் கிடைப்பாரென்றால், அந்தப் பெட்டகத்தைத் தினமும் திறக்கும் மனிதரின் உடம்பைப் பாதுகாக்கவும் மாற்று ஆள் கிடைக்க வேண்டும். பொறுப்புமிக்க பதவி என்ற வரம்பை நீக்கி, எல்லா நிலை ஊழியருக்கும், முன்கூட்டித் தெரிவித்து, அதே பத்து நாள், அதே தொடர்பின்மையோடு கொடுக்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்க வேண்டும். ஐந்து நாள் வாரத்துக்கு இணையாக இதை வைத்துப் போராட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

15 ஏப்ரல் 2025

அந்தக் கட்டாய விடுப்பே பல இடங்களில் காகிதத்தோடு நிற்கிறது, அதைப் போய் உதாரணமாகச் சொல்கிறீர்களே என்று ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் பார்த்தவரையில், விடுப்பில் அனுப்பப்பட்டவரையே இரண்டாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தக் கோப்பு எங்கே, இந்த வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று கேட்பது நடக்கிறது. ஆனாலும் விதி இருப்பதால் தணிக்கையில் அது குறையாக எழுதப்படுகிறது. தணிக்கையாளர் எழுதும் குறைக்கு வட்டார அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் களைப்பு எந்தத் தணிக்கைப் படிவத்திலும் ஒரு கட்டமாக இல்லை. அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன்.

20 ஏப்ரல் 2025

இந்த வாரம் முழுவதும் நகைக்கடன் சண்டை. முன்பெல்லாம் ஆண்டு முடிந்ததும் வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பித்துக்கொண்டார்கள். இப்போது அசலும் வட்டியும் முழுவதுமாகக் கட்டி நகையை மீட்டு, பிறகு புதிதாக அடகு வைக்கச் சொல்கிறோம். கையில் பணம் இருந்தால் அவர் ஏன் நகையை அடகு வைக்கப்போகிறார்? ஊரில் கந்துவட்டிக்காரர்கள் ஒரு நாளைக்குப் பணம் கொடுத்து வட்டி எடுக்கிறார்கள். விவசாயிகள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதியை வகுத்தவர் கண்ணாடிக்குப் பின்னால் இல்லை. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்திதான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு முந்தைய நாள் ஒருவர் அவளைப் பார்த்து மிகவும் இழிவாகப் பேசினார். அவள் பதில் பேசவில்லை, சீட்டை எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதிய எடை மட்டும் இரண்டு முறை தப்பாகி அடித்து எழுத வேண்டியிருந்தது. பிறகு மேலாளர் வெளியே வந்து அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேசினார். அந்த மேலாளர் இலக்கு விஷயத்தில் எங்களை விரட்டுபவர்தான். அன்று அவர் செய்ததை நான் மதிக்கிறேன்.

கேட்டவருக்காக: ஊழியர்களின் பாதுகாப்பும் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

1 மே 2025

இன்று விடுமுறை. இந்தியாவில் முதன்முதலாக மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடியது 1923இல், சென்னைக் கடற்கரையில். எட்டு மணி நேர வேலை என்பது அப்போதே பழைய கோரிக்கை.

பெண்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு தோழி கேட்டாள். நான் எழுத்தராக இருந்தபோது பதவி உயர்வுத் தேர்வை ஒவ்வொரு முறையும் எழுதாமல் விட்டேன். அதிகாரியானால் வெளியூர், பெரும்பாலும் வெளிமாநிலம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் எழுதினேன். தெலங்கானாவில் ஒரு கிராமக் கிளையில் போட்டார்கள். மொழி தெரியாத ஊரில், வாடகை வீட்டில், இரவு ஆய்வுக் கூட்டத்தை அடுப்புப் பக்கத்தில் கைபேசியைச் சாய்த்துவைத்துக் கேட்டுக்கொண்டே சமைத்தேன். என்னோடு சேர்ந்த ஆண்களில் பலர் அதற்குள் முதன்மை மேலாளர் நிலைக்குப் போய்விட்டார்கள். என்னோடு சேர்ந்த பெண்களில் பலர் எழுத்தராகவே ஓய்வுபெறப்போகிறார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்று மேலதிகாரிகள் நினைக்கிறார்கள். வீட்டில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு ஆண்களிடம் யாரும் பதில் கேட்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

எங்கள் கிளையில் இப்போது பீகாரைச் சேர்ந்த ஒரு இளம் அதிகாரி இருக்கிறார். அவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். ஊருக்குப் போய்வர ரயிலில் ஆகும் நாட்களே அவருடைய விடுப்பில் பாதியைத் தின்றுவிடுகின்றன. தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார். விவசாயிகளிடம் "ஐயா, கையெழுத்து இங்கே" என்று அவர் சொல்லும்போது முதலில் சிரித்தவர்கள், இப்போது அவருக்கு வாழைத்தார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இவரை இவருடைய மொழி பேசும் ஊரிலும், அங்கே இருக்கும் நம் பிள்ளையை இங்கேயும் போட்டால் வங்கிக்கு என்ன நட்டம் என்று எனக்கு இதுவரை யாரும் விளக்கவில்லை.

11 மே 2025

அதிகாரித் தேர்வில் தேறிய ஒரு தம்பி, இதையெல்லாம் படித்த பிறகு சேரலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்.

சேருங்கள். சம்பளம் மாதம் தவறாமல் வரும், வேலை உறுதி, செய்கிற வேலையில் பயன் இருக்கிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்க்காமல் எந்தச் சாவியையும் வாங்காதீர்கள், அவசரம் என்று யார் சொன்னாலும் சரி. உங்கள் கடவுச்சொல்லை மேலாளரிடம்கூடக் கொடுக்காதீர்கள். இரவில் வேலை மிஞ்சும்போது கேட்பார்கள், வீட்டுக்குப் போகும் ஆசையில் கொடுக்கத் தோன்றும், பிறகு விசாரணை என்று வந்தால் உங்கள் பெயர்தான் நிற்கும். விடுப்பு வேண்டுமென்றால் வாய்மொழியாகக் கேட்காமல் விண்ணப்பமாகவே கொடுங்கள். மறுத்தால் மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும். சங்கத்தில் சேருங்கள், கூட்டத்துக்குப் போங்கள், சந்தா கட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். ஐந்து நாள் வாரம் வந்தால் அந்தச் சனிக்கிழமையை லாகின் டேவுக்காகக் கேட்பார்கள். முதல் முறை கேட்கும்போதே கிளையில் உள்ள எல்லோரும் சேர்ந்து மறுத்துவிட வேண்டும். ஒருவர் மட்டும் போனால் மறுவாரம் எல்லோரும் போக வேண்டியிருக்கும்.

முதல் பதவியிடம் எங்கே என்று உத்தரவு வந்ததும் எழுதுங்கள். தெலங்கானா என்றால் அங்கே வீடு பார்த்துத் தர எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.